கியர் காதும் பதினான்கு காம்ப்-ஆஃபும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை தன்னுடையது என்று ராஜசேகர் முடிவெடுத்துவிட்டார். ஓசூர் மூக்கண்டப்பள்ளி இரண்டாவது கிராஸில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே எடுத்த முடிவு அது. சத்தம் போட்டு எடுக்கவில்லை, மனசுக்குள்தான் எடுத்தார். பதினெட்டு வருஷமாக அவர் எடுத்த முடிவெல்லாம் அப்படித்தான். வெளியே விட்டால் அது வினோதாவின் முடிவாக மாறித் திரும்பி வரும்.

ஆள் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. சிப்காட்டில் ஒரு கியர்பாக்ஸ் கம்பெனியில் சத்தம் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஓடுகிற கியர்பாக்ஸைக் காதால் கேட்பதுதான் வேலை. "ம்ம்ம்" என்று ஓடினால் பாஸ். "ம்ர்ம்" என்று ஓடினால் திருப்பி அனுப்பு. அவர் காதை ஏமாற்றிவிட்டு ஒரு பல் சக்கரம்கூட கேட்டைத் தாண்டியதில்லை. மேனேஜரே எழுந்து நின்று மதிக்கிற அந்தக் காது, வீட்டுக்கு வந்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க, லிஸ்ட் பாத்தீங்களா?"

லிஸ்ட் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். ராகி வாங்கணும். மிளகாய் அரைக்கணும். அம்மா மூக்குக் கண்ணாடிக்குக் காது மாத்தணும். பூபதி கட்டுகிற வீட்டுக்குப் போய் சுவருக்குத் தண்ணி விடணும். பூபதி வினோதாவின் தம்பி. ராயக்கோட்டையில் ஒரு வருஷமாக வீடு கட்டிக்கொண்டிருந்தான். ராஜசேகர் இந்த ஒரு வருஷத்தில் கால் வலி, கண் வலி, காதுகுத்து என்று என்னென்னவோ சொல்லி அந்த வீட்டின் திசைப் பக்கமே தலை வைக்கவில்லை. எந்தத் தெரு என்றுகூட அவருக்குத் தெரியாது.

முடிவு எடுத்த மறுநாளே அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. கோழி வாங்கத்தான் போனார். பாகலூர் ரோட்டில் டயர் கடை மாடியிலிருந்து கிடார் சத்தம். காது நிமிர்ந்தது. ஏறிப் பார்த்தால் நாலு பேர், நாலு கம்பெனி யூனிஃபார்மில். குழுவுக்குப் பெயர் "ஸ்டெப்னி". பாதித் தமிழ், பாதி கன்னடத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள்:

"அத்திப்பள்ளி ஜாமுல நான் நிக்குறேன் தாயே,
ஆபீஸ் போய்ச் சேரக்குள்ள ரிட்டயர்டு ஆவேனே!"

ராஜசேகருக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. நம்ம ஊர் ஜாமுக்கு நம்ம ஊர் பசங்க பாட்டுக் கட்டியிருக்கிறார்கள்! ரெண்டாவது ஆள் அரை சுருதி கீழே போனதைக்கூட மன்னித்து, போனில் ஒரு நிமிஷம் படம் பிடித்தார். பிடிக்கும்போதே தன்னை மறந்து "ஆஹா!" என்று ஒரு சத்தமும் போட்டார். அப்படியே இரண்டரை மணி நேரம் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க இது, கோழிய முட்டையிலிருந்து வளத்து வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள் வினோதா, கதவைத் திறந்ததும்.

"கூட்டம் வினோ."

"கோழிக் கடையிலயா? கடைக்காரர் பதினொரு மணிக்கே கடைய மூடிட்டு நம்ம தெரு வழியா வீட்டுக்குப் போனாரே?"

அன்றைக்கே தெரிந்துவிட்டது, இதற்குச் சரியான ஒரு பொய் வேண்டும் என்று. ராஜசேகர் யோசித்தார். கூண்டுக்குள் உட்கார்ந்து ஒரு வாரம் யோசித்தார். வெள்ளிக்கிழமை பொய் தயார்.

"வினோ, இந்த வாரத்திலேருந்து ஞாயித்துக்கிழமை ஓ.டி. போட்டுட்டாங்க."

"அய்யோ பாவம். எல்லா ஞாயிறுமா?"

"ஆர்டர் குவிஞ்சு கிடக்குது. என் காது இல்லாம லைன் நகராதுங்கறாங்க."

"சம்பளம் சேத்துத் தருவாங்களா?"

இதைத்தான் எதிர்பார்த்திருந்தார். "அதெல்லாம் கிடையாது. காம்ப்-ஆஃப்தான். ஞாயிறு ஒரு நாள் வேலை செஞ்சா, பதிலுக்கு வேற ஒரு நாள் லீவு."

"அதச் சேத்து வெச்சுக்கலாமா?"

"தாராளமா."

"எத்தனை நாளைக்கு வேணாலும் வெச்சுக்கலாமா?"

"எத்தனை நாளைக்கு வேணாலும். வருஷக்கணக்கா வெச்சுக்கலாம்."

வினோதா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்தச் சிரிப்பை அவர் கவனித்திருக்கணும். ஒரு மைக்ரான் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிற மனுஷன், எதிரே நின்ற பெண்டாட்டியின் சிரிப்பைக் கோட்டை விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் வினோதாவும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள்தான். என்ன வேலை என்று அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னால் காதில் வாங்கியதுமில்லை.

ஞாயிறு காலை ராஜசேகர் யூனிஃபார்ம் போட்டார். சேஃப்டி ஷூ மாட்டினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ். தெரு முனையில் ஃபக்ருதீனின் டெம்போ நின்றது. ஃபக்ருதீன் எதிர் வீட்டுக்காரர், ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி ஏற்றி வருகிறவர், பதினைந்து வருஷச் சிநேகிதம்.

"சேகரு, பாட்டுக் கேக்கப் போறதுக்கு இரும்பு ஷூ எதுக்குப்பா?"

"ஓ.டி. பாய்."

"நல்லா மாட்டப் போறே நீ."

"நீங்க வாயத் தொறக்கலைன்னா மாட்ட மாட்டேன்."

"நான் தொறக்க மாட்டேன். ஆனா வினோதா தங்கச்சி எதிர்ல வந்து நின்னா என் வாய் தானா தொறந்துக்குது. அதனால நான் அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஸ்டெப்னியின் பாட்டை ஒரு நிமிஷத் துண்டாக இணையத்தில் ஏற்றி, கீழே நாலு வரி விமர்சனமும் எழுதினார். பக்கத்துக்குப் பெயர் "கியர் காது". சொந்தப் பெயர் போடவில்லை, போட்டால் உயிர் போய்விடும். விமர்சனம் எப்படி இருக்கும் என்கிறீர்கள்? "முதல் கியரில் இழுவை நன்று. மூன்றாவது சரணத்தில் கிளட்ச் வழுக்குகிறது. டிரம்ஸுக்கு ஆயில் தேவை." ஓசூர் சனம் விழுந்து விழுந்து படித்தது. ஒரே மாதத்தில் ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். கம்பெனி ஆள்தான் எழுதுகிறான் என்று எல்லாக் கம்பெனிக்காரனும் பக்கத்து சீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டான்.

அந்த ஆயிரம் பேரில் ஒருத்தர்தான் "சுதி சுத்தம்". படத்தில் ஒரு வீணை. எழுத்து எப்போதும் மரியாதையாக இருக்கும்.

"வணக்கம் ஐயா. தங்கள் காது இந்த ஊருக்குக் கிடைத்த வரம். கெலமங்கலத்தில் வெங்கடப்பன், மாரம்மா தம்பதியர் பம்பை அடித்துப் பாடுகிறார்கள். தாங்கள் அவசியம் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டு ராகி வாங்குவது அங்கே பாட்டுக் கேட்க வருகிறவர்கள் செய்கிற மரியாதை. பத்துக் கிலோ போதும்."

ராஜசேகர் உருகிப்போனார். யாரோ ரிட்டயர்டான சங்கீத டீச்சர் என்று முடிவு கட்டிவிட்டார். தங்க ஃப்ரேம் கண்ணாடி, நரைத்த கொண்டை, காலையில் வீணை, மாலையில் தன் விமர்சனம். மனசுக்குள் "டீச்சரம்மா" என்றே கூப்பிட ஆரம்பித்தார். உலகத்தில் ஒருத்தராவது இந்தக் காதை மதிக்கிறார்களே!

கெலமங்கலம் போனார். வெங்கடப்பன் வாசலிலேயே நின்று, "ஊட்டா ஆயித்தா சார்?" என்று கன்னடத்தில் சாப்பாடு ஆயிற்றா எனக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் களியை உருட்டித் தட்டில் வைத்தார். மாரம்மா பாடினாள். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் ஏறி, கன்னடத்தில் இறங்கி, திரும்பத் தமிழுக்கு வந்து நின்றாள். பம்பை அதிர்ந்ததில் டிபன் பாக்ஸ் மூடி தானாகத் திறந்துகொண்டது. ராஜசேகர் இங்கேயும் தன்னை மறந்து "ஆஹா!" என்றார். அந்த ஆஹா வீடியோவிலும் விழுந்தது. சாயங்காலம் பத்துக் கிலோ ராகியோடு வீடு திரும்பினார்.

"இது ஏதுங்க?"

"கம்பெனி பஸ் நின்ன இடத்துல வித்தாங்க."

"பஸ்ஸு கெலமங்கலம் போவுதா? மூட்டையில ஊர் பேரு எழுதியிருக்குதே?"

"புது ரூட்டு."

"நல்லதாப் போச்சு, லிஸ்ட்ல இருந்துச்சு" என்று வினோதா ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கோடு கிழித்தாள்.

அடுத்து டீச்சரம்மா ஒரு மாவு மில்லுக்கு அனுப்பினார். ஷோயப், ஸோயா என்று அண்ணன் தங்கச்சி. அப்பாவின் மில்லில் ஓடுகிற பெல்ட்டுதான் அவர்களுக்குத் தாளம். மெஷின் ஓடினால்தான் பாட்டு, அரைக்க ஏதாவது இருந்தால்தான் மெஷின். "வெறுங்கையோடு போக வேண்டாம் ஐயா" என்று டீச்சரம்மா எழுதியிருந்தார். எப்படிக் கேட்பது என்று ராஜசேகர் விழித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் அஞ்சு கிலோ மிளகாயும் ரெண்டு கிலோ மல்லியும் வறுத்துப் பையில் கட்டித் தயாராக இருந்தது.

"போற வழியில மில்லு இருந்தா குடுங்களேன். இல்லாட்டி பரவால்ல."

"இருந்தாலும் இருக்கும் வினோ. பாக்கறேன்." என்னே அதிர்ஷ்டம் என்று அவருக்கு உள்ளே ஒரே கொண்டாட்டம்.

மிளகாய் நெடியில் தும்மித் தும்மி, கண்ணீர் விட்டு, ஸோயாவின் குரலைக் கேட்டார். "கேட்டவர் அழாமல் திரும்ப முடியாது" என்று விமர்சனம் எழுதினார். அதில் பொய்யில்லை. அதற்கடுத்த வாரம் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் மவுத் ஆர்கன் வாசிப்பார் என்று தகவல். அந்த வாரமே பார்த்து மாமியாரின் மூக்குக் கண்ணாடி டிபன் பாக்ஸ் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஃப்ரிட்ஜில் லிஸ்ட் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஞாயிறுதோறும் வீட்டிலேயே இல்லாமல் இத்தனை வேலை எப்படி முடிகிறது என்று ராஜசேகர் ஒரு தடவை ஆச்சரியப்பட்டார். ஆச்சரியத்தோடு நிறுத்திக்கொண்டார். மூளையை அதற்கு மேல் ஓட்டும் பழக்கம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் கிடையாது.

பதினாலு ஞாயிறு ஓடியது. பதினைந்தாவதில்தான் வந்தது வினை.

"ஏங்க, வர்ற ஞாயிறு பூபதி வீட்டுக் கிரகப்பிரவேசம்" என்றாள் வினோதா, சாம்பாரை ஊற்றிக்கொண்டே.

ராஜசேகரின் கை சோற்றிலேயே நின்றது. அன்றைக்குக் காலையில்தான் டீச்சரம்மாவிடமிருந்து சேதி வந்திருந்தது. "வணக்கம் ஐயா. வரும் ஞாயிறு காலை பத்தரைக்கு ராயக்கோட்டையில் மூன்று குழுவும் ஒரே பந்தலில். தங்கள் எழுத்தால் அவர்களுக்கு நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன. கியர் காது யார் என்று பார்த்துப் பொன்னாடை போர்த்த ஆசைப்படுகிறார்கள். தாங்கள் முகம் காட்ட வேண்டும்."

பொன்னாடை! இருபத்திரண்டு வருஷம் கியர்பாக்ஸ் கேட்டதற்குக் கம்பெனி ஒரு சுவர்க் கடிகாரம் தந்தது, அதுவும் ஓடவில்லை. இதை விட முடியுமா?

"எனக்கு ஓ.டி. இருக்குதே வினோ."

"அதான் பதினாலு காம்ப்-ஆஃப் சேத்து வெச்சிருக்கீங்கல்ல? ஒண்ண எடுங்க."

"இந்த வாரம் முடியாது. ஆடிட்டு. ஜப்பான்லேருந்து கஸ்டமர் வர்றான்."

"ஞாயித்துக்கிழமையா வர்றான்?"

"நமக்குத்தான் ஞாயிறு. அவனுக்கு அங்க திங்கக்கிழமை."

சொன்ன பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது. வினோதா கரண்டியைப் பிடித்தபடி ஒரு நொடி அவரையே பார்த்தாள். வாயோரம் ஏதோ துடித்தது.

"சரிங்க. வேலைதான் முக்கியம். நான் சனிக்கிழமையே பூபதி கூடப் போயிடறேன். நீங்க ஜப்பான்காரரப் பாத்துக்கோங்க."

அவ்வளவுதானா? அவ்வளவுதான்! சண்டை இல்லை, அழுகை இல்லை, அம்மாவுக்குப் போன் இல்லை. ராஜசேகருக்கு நெஞ்சு லேசானது. கூடவே எங்கேயோ ஒரு "ம்ர்ம்" சத்தம் மாதிரியும் இருந்தது. கியர்பாக்ஸாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஞாயிறு காலை அலமாரியில் பட்டுச் சட்டையைத் தேடினார். யூனிஃபார்மில் கிளம்பி, டெம்போவில் மாற்றிக்கொள்வதாகத் திட்டம். சட்டையைக் காணோம். பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடியும் காணோம். கடைசியில் சாம்பல் நிற யூனிஃபார்மிலேயே டெம்போ ஏறினார்.

"ராயக்கோட்டையிலயா நிகழ்ச்சி? சேகரு, உன் மச்சான் வீடும் ராயக்கோட்டைதானே?" என்றார் ஃபக்ருதீன்.

"ராயக்கோட்டை என்ன கைக்குட்டையா பாய்? முகூர்த்த நாளு. ஊருக்குள்ள அம்பது பந்தல் இருக்கும்."

"ஒருவேளை யாராச்சும் பாத்துட்டா?"

"அதுக்குத்தான் மாஸ்க் வெச்சிருக்கேன்."

டீச்சரம்மா அனுப்பிய வரைபடம் போனில் வழி காட்டியது. மலைக்கோட்டை தெரிந்தது. மண்டி தாண்டி இடது பக்கம், பிறகு வலது பக்கம். பம்பைச் சத்தம் காதில் விழுந்ததும் ராஜசேகர் மாஸ்க்கைக் கழற்றி, தலையைச் சீவி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா?

டெம்போ நின்றது. வாழைமரம் கட்டிய வாசல். புது பெயின்ட் வாசனை. பந்தலுக்குள் வெங்கடப்பன் பம்பையோடு, ஸ்டெப்னி கிடாரோடு, ஸோயா மைக்கோடு. வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு மெரூன் பட்டுப் புடவையில் ஒரு அம்மாள், முதுகைக் காட்டி நின்றாள். டீச்சரம்மாதான்! ராஜசேகர் கைகூப்பிக்கொண்டே இறங்கினார்.

அம்மாள் திரும்பினாள்.

"வாங்க, வாங்க" என்றாள் வினோதா. "ஜப்பான்காரர் வந்துட்டாரா?"

ராஜசேகர் கூப்பிய கையைப் பிரிக்க மறந்துவிட்டார். பின்னால் டெம்போ கிளம்புகிற சத்தம் கேட்டது. ஃபக்ருதீன் சொன்ன சொல் தவறாமல், அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அதற்குள் பூபதி ஓடி வந்தான். "மாமா! இன்னிக்கு ஓ.டி.ன்னு அக்கா சொன்னாங்களே?"

வினோதாவே பதில் சொன்னாள்.

"மச்சான் வீட்டு விசேஷம்னு மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டிப் பர்மிஷன் வாங்கிட்டு வந்திருக்காருடா. பாரு, துணி மாத்தக்கூட நேரம் இல்லாம ஓடி வந்திருக்காரு."

"மாமான்னா மாமாதான்!" பூபதிக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜசேகரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கட்டிலிருந்து அவரைக் கழற்றி, உள் அறைக்குக் கூட்டிப் போனாள் வினோதா. கதவைச் சாத்தினாள். முடிந்தது கதை என்று ராஜசேகர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஈரப் பெயின்ட் முதுகில் அப்பியது.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொத வாரத்திலேருந்து."

"பாய் சொன்னாரா?"

"அவரு பாவம், என்னப் பாத்தாலே பின்னாடி திரும்பிக்கிறாரு. நீங்கதான் சொன்னீங்க. காம்ப்-ஆஃப் வருஷக்கணக்கா சேத்து வெச்சுக்கலாம்னு. ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடி நான் என்ன வேலை பாத்தேன்?"

ராஜசேகர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். "அசெம்பிளி லைனா?"

"டைம் ஆபீஸு! ஆறு வருஷம் ஐந்நூறு பேருக்கு காம்ப்-ஆஃப் எழுதினவ நானு. ரெண்டு மாசத்துல எடுக்கலைன்னா அது செத்துப் போகும். அந்த ரெண்டு மாசத்துக்காக எத்தனை பேரு என் ஜன்னல்ல வந்து கெஞ்சியிருக்காங்க தெரியுமா? பொய் சொல்றவரு ஸ்டோர்ஸ்ல வேலை பாத்த பொண்டாட்டியாப் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தப் பக்கம்... கியர் காது..."

"பாய் வீட்டு நிகத் அக்கா நம்ம தெரு குரூப்ல ஸ்டெப்னி வீடியோ ஒண்ணு போட்டாங்க. பாட்டு நடுவுல ஒரு 'ஆஹா' கேட்டுச்சு. எங்கேயோ கேட்ட கொரலா இருக்குதேன்னு பாத்தேன். கல்யாணம் ஆன புதுசுல என் சாம்பாருக்கு அந்த ஆஹா வரும். அப்புறம் நின்னு போச்சு. கிடாருக்குப் போயிடுச்சு போலிருக்கு."

ராஜசேகருக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதோடு இன்னொன்றும் உறைத்தது.

"அப்ப அந்த டீச்சரம்மா?"

"யாரு டீச்சரம்மா?"

"சுதி சுத்தம்... ரிட்டயர்டு..."

"ரிட்டயர்டா?" வினோதா இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு நாப்பத்தொண்ணுதான் ஆவுது! தமிழ் மட்டும் ஹரிணி திருத்திக் குடுத்தா. காலேஜ் ஹாஸ்டல்ல அவளும் அவ சிநேகிதிங்களும் உங்க விமர்சனத்தப் படிச்சிட்டு உருளுறாங்களாம்."

மகளுக்கும் தெரியும். ராகி, மிளகாய், மூக்குக் கண்ணாடி எல்லாம் வரிசையாக அவர் கண் முன்னால் வந்து நின்றன. ராஜசேகர் திட்டு விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வரவில்லை. நிமிர்ந்தால் வினோதாவின் கண் நிறைந்திருந்தது.

"பாட்டுக் கேக்கப் போறேன்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? எனக்கென்ன காது இல்லையா? பதினாலு வாரம். ஒரு வாரமாச்சும், வினோ நீயும் வாடீன்னு தோணலையில்ல உங்களுக்கு? மாரம்மா பாடினத நான் அடுப்படியில நின்னு இருவது தடவ கேட்டேன். நீங்க நேர்ல கேட்டுட்டு வந்து, என்கிட்ட ஆர்டர் குவிஞ்சு கிடக்குதுன்னு சொல்றீங்க."

இதற்கு ராஜசேகரிடம் பொய் எதுவும் தயாராக இல்லை. "தப்புதான் வினோ" என்றார். "பயந்துட்டேன். லிஸ்டு முன்னாடி பாட்டுன்னு சொல்ல வாய் வரல."

"சரி, விடுங்க."

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. ஆறாவது வாரம் தீந்து போச்சு. வேலையெல்லாம் முடிஞ்சுதுல்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பையிலிருந்து அவருடைய பட்டுச் சட்டையை எடுத்து நீட்டினாள். இஸ்திரி போட்டு மடித்திருந்தது. "மாத்திக்கிட்டு வாங்க. பொன்னாடை நெசம்தான். பூபதி பெங்களூர் ஆர்கெஸ்ட்ரா வைக்கறேன்னான். நான்தான் நம்ம ஊரு ஆளுங்கள வையிடான்னேன். அவங்களுக்கு உங்களப் பாக்கணும்னு அத்தனை ஆசை."

அப்பாடா! இனி இரும்பு ஷூ வேண்டாம், புது ரூட்டு வேண்டாம், ஜப்பான்காரன் வேண்டாம். ராஜசேகர் சட்டையை மாற்றிக்கொண்டு பந்தலுக்கு வந்தபோது பத்து வயது குறைந்தவராக வந்தார். சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

மாரம்மா மைக்கைப் பிடித்தாள். "நம்ம பாட்டுக்கெல்லாம் காது குடுத்த மகராசன் யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நம்ம வீட்டுல களி தின்னுட்டு ராகி வாங்கிட்டுப் போன கம்பெனி சாரு!" ஸோயா விசிலடித்தாள். ஸ்டெப்னி பசங்கள் அத்திப்பள்ளி ஜாமை ஒரு சுற்று வாசித்தார்கள். வெங்கடப்பன் பொன்னாடையைப் போர்த்தினார். மாமியார் புதுக் காது மாட்டிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நம்ம மாப்ளையா?" என்று மூன்று பேரிடம் விசாரித்தார்.

ராஜசேகரைப் பேசச் சொன்னார்கள். ஆள் உணர்ச்சிவசத்தில் இருந்தார். உணர்ச்சிவசத்தில் இருக்கிற புருஷன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது.

"இந்தக் காது இனிமே உங்களுது!" என்று முழங்கினார். "எனக்கு ஓ.டி. முடிஞ்சு போச்சு. இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் நான் ஃப்ரீ! எங்க கூப்பிட்டாலும் வருவேன். எவ்வளவு நேரமானாலும் உக்காந்து கேப்பேன். என் பொண்டாட்டியும் கூட வருவா!"

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. பூபதிதான் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினான். வினோதா தலையைக் குனிந்து புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று ராஜசேகர் நினைத்தார். பாவம், அவருக்கு இன்னும் பாடம் போதவில்லை.

பந்தியில் உட்கார்ந்தார். பொன்னாடையைக் கழற்றவில்லை. சாம்பாரில் முதல் வாய் வைத்து, ஞாபகமாக, பந்தலுக்கே கேட்கிற மாதிரி "ஆஹா!" என்றார். "அது கேட்டரிங் சாம்பாரு" என்று எங்கிருந்தோ வினோதாவின் குரல் வந்தது. இருந்தாலும் அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. அந்தக் காது அதைத் தவறவிடவில்லை.

பாயசம் வந்தபோது போன் அதிர்ந்தது. சுதி சுத்தம்.

"வணக்கம் ஐயா. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பூபதி அவர்கள் வீட்டுப் பின்புறம் போர்வெல் வண்டி வருகிறது. பேஸ் சத்தம் மிக நன்றாக இருக்கும் என்று கேள்வி. பூபதி அவர்களுக்கு அன்று வெளியூர் வேலை. எனவே தாங்கள் அவசியம் வந்து, ஆயிரம் அடி வரை கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும்."

ராஜசேகர் நிமிர்ந்து பார்த்தார். பந்தலின் அந்தக் கோடியில் வினோதா மாரம்மாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் இடது கையால் போனை எடுத்து, மேனேஜர் சேதிக்குப் போடுகிற அதே கட்டைவிரல் பொம்மையைப் பதிலாகப் போட்டார்.